மூடா ஆற்றுத் தண்ணீர் யாருக்கு? பினாங்கின் வயல், காடு, கடல், குழாய் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயில் மண்டபங்களிலும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டங்களிலும் வீட்டுத் தோட்டம் பற்றிப் பேசக் கூப்பிடுவார்கள். உரம், பூச்சி என்று தொடங்கும் பேச்சு அரை மணி நேரத்தில் தண்ணீருக்கு வந்துவிடும். அப்புறம் கெடாக்காரர்கள், மீனவர்கள், மலையை வெட்டுகிறவர்கள் என்று கூட்டமே சூடாகிவிடும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். நான் பினாங்கின் பெருநிலப் பக்கமான செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அம்மா அங்கே களைக்கொல்லி மருந்து அடிக்கும் வேலை பார்த்தவர். சில பதில்களில் நான் யார் பக்கம் என்பது தெரியத்தான் செய்யும்.

எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பினாங்கு மாநிலத்துக்கு வேண்டிய ஆற்று நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு ஒரே ஆற்றிலிருந்து வருகிறது. அதுதான் மூடா ஆறு. கெடாவின் காட்டில் பிறந்து, கீழே வரும்போது சில இடங்களில் இரு மாநிலங்களுக்கும் எல்லைக்கோடாக ஓடிக் கடலில் சேர்கிறது. லஹார் தியாங்கில் தண்ணீரை எடுத்து, சுங்கை டுவா நிலையத்தில் சுத்திகரித்து, கடலுக்கடியில் குழாய் போட்டுத் தீவுக்கும் அனுப்புகிறார்கள்.

தீவுக்கென்று ஆயர் ஹீத்தாம் அணையும் தெலுக் பஹாங் அணையும் இருக்கின்றன. அந்தக் காலத்தில் ஜார்ஜ் டவுனுக்கும் துறைமுகத்துக் கப்பல்களுக்கும் தண்ணீர் கொடுத்தது நம் தண்ணீர்மலை அருவிதான். இன்றைக்கு அது போதாது. தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தலில் நின்று மோர் வாங்கிக் குடிக்கிறோமே, அந்த மோரில் கலந்த தண்ணீரில் பெரும்பங்கு கெடாக் காட்டில் பெய்த மழையாக இருக்க வாய்ப்பு அதிகம். 2024 ஜனவரி 10-ஆம் தேதி சுங்கை டுவாவில் பெரிய வால்வுகளைப் பழுதுபார்க்க நிறுத்தினார்கள். லட்சக்கணக்கான வீடுகள் 4 நாள் வாளியும் தொட்டியுமாகக் கிடந்தன. ஒரே ஆற்றை, ஒரே நிலையத்தை நம்பியிருப்பது என்றால் என்ன என்று அந்த வாரம்தான் பலருக்கு உறைத்தது.

கெடா பணம் கேட்பது நியாயமா?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதே பாதிப் பேர் பதிலை முடிவுசெய்துகொண்டுதான் கேட்கிறார்கள்.

கெடா அரசு ஆண்டுக்கு 5 கோடி ரிங்கிட் கேட்டது. ஆறு எங்கள் எல்லையிலும் ஓடுகிறது, எங்கள் கரையில் எடுக்கும் தண்ணீருக்கு ஏன் பணம் தர வேண்டும் என்பது பினாங்கு அரசின் பதில். சட்டப்படி யார் சொல்வது சரி என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. அதற்கு முன்னால் காட்டைப் பார்க்க வேண்டும்.

ஆற்றின் தலைப்பகுதியில் உலு மூடா காடு இருக்கிறது, சுமார் 160,000 ஹெக்டேர். மழையை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல விடுவது அந்தக் காடுதான். மரத்தை வெட்டினால் மழை பெய்த அன்றைக்கே ஆறு செம்மண் நிறத்தில் பெருகும், வெயில் காலத்தில் வற்றிப்போகும். இதில் சிக்கல் எங்கே என்றால், நம் அரசியல் சட்டப்படி நிலமும் காடும் மாநில அரசின் கையில். மரம் வெட்ட அனுமதி கொடுத்தால் அந்த மாநிலத்துக்கு வருமானம். வெட்டாமல் விட்டால் நன்மை கீழே இருக்கிற பினாங்குக்கும், வயலுக்கும், தொழிற்சாலைக்கும். காடு வைத்திருப்பவருக்கு ஒரு காசு இல்லை.

அதனால் என் கருத்து இது: தண்ணீருக்கு விலை என்று பேசினால் சண்டைதான் வரும். காட்டைக் காப்பதற்குக் கூலி என்று பேச வேண்டும். கொடுக்கிற பணம் மாநிலப் பொதுக் கணக்கில் கரைந்துபோகக் கூடாது, இத்தனை ஹெக்டேர் காடு நின்றால் இவ்வளவு என்று கணக்கு இருக்க வேண்டும். மத்திய அரசு இதே எண்ணத்தில் 2019 வரவுசெலவுத் திட்டத்தில் காடு காக்கும் மாநிலங்களுக்கு 6 கோடி ரிங்கிட் ஒதுக்கியது. 2025-இல் அது 25 கோடியாக உயர்ந்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் எல்லா மாநிலங்களும் பங்குபோட வேண்டிய தொகை அது. மரம் வெட்டி வரும் பணத்தோடு அது போட்டிபோட முடியாது. குடிக்கிற நாமும் கொஞ்சம் கொடுக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

கூட்டத்தில் இதைச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் பாருங்கள், பினாங்கில் தண்ணீர்க் கட்டணம் நெடுங்காலமாக நாட்டிலேயே மிகக் குறைவானவற்றில் ஒன்று. ஆள் கணக்கில் அதிகமாகத் தண்ணீர் செலவழிக்கும் மாநிலங்களிலும் நாம்தான் முன்னால் நிற்கிறோம். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது.

பேராக்கிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தால் கெடாவை நம்ப வேண்டாமே?

பல ஆண்டுகளாகப் பேசுகிறார்கள். பேராக் ஆற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் எடுப்பது திட்டம். ஆனால் பேராக்குக்கும் வயல் இருக்கிறது. நிபோங் தெபாலைத் தாண்டினால் வருகிற கெரியான் வயல்களுக்கு 1906-இல் கட்டிய புக்கிட் மேரா அணைதான் ஆதாரம், அதிலேயே வறட்சியில் நீர்மட்டம் அடிக்குப் போய்விடுகிறது. தங்கள் விவசாயிகளுக்கே பற்றவில்லை, ஆற்று நீரை அப்படியே தர முடியாது என்பது அவர்கள் பக்கத்துப் பேச்சு. அண்டை வீட்டை மாற்றினாலும் அங்கேயும் ஒரு குடும்பம் இருக்கத்தான் செய்யும்.

நெல்லுக்கு இவ்வளவு தண்ணீர் விடுவதற்குப் பதில் அரிசியை வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொள்ளலாமே?

இப்படிக் கேட்டவர் ஒருவரிடம், 2023-இல் அரிசி வாங்கக் கடை கடையாக அலைந்தீர்களா என்று திருப்பிக் கேட்டேன். அந்த ஆண்டு ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பர் 1-ஆம் தேதி இங்கே இறக்குமதி அரிசி டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டுக்கு ஏறியது. 10 கிலோ 26 ரிங்கிட் என்று விலைக்கட்டுப்பாடு இருந்த உள்ளூர் அரிசி அலமாரியிலிருந்து காணாமல் போனது. வீட்டில் நாலு பேர் சாப்பிடுகிற குடும்பங்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

கெடா, பெர்லிஸ் சமவெளியில் மூடா பாசனத் திட்டத்தின் கீழ் சுமார் 100,000 ஹெக்டேர் வயல் இருக்கிறது. நாட்டின் நெல்லில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு அங்கேதான் விளைகிறது. உலு மூடாவில் சேரும் தண்ணீரை மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாகப் பெடு அணைக்குத் திருப்பி அந்த வயல்களுக்கு விடுகிறார்கள். நம் செபராங் பிறையிலும் சுமார் 10,000 ஹெக்டேர் நெல் இருக்கிறது. ஆக, காட்டில் விழுகிற ஒரே மழையை ஒரு பக்கம் வயலும் ஒரு பக்கம் குழாயும் இழுக்கின்றன.

நெல்லுக்குத் தண்ணீர் நிறைய வேண்டும் என்பது உண்மை. ஒரு கிலோ நெல்லுக்குச் சுமார் 2,500 லிட்டர் என்று பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள். ஆனால் வயலில் எந்நேரமும் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும் என்பது கட்டாயம் இல்லை. ஓர் அடி நீளப் பிளாஸ்டிக் குழாயைச் சுற்றிலும் துளையிட்டு வயலில் பாதிக்குமேல் புதைத்துவிடுங்கள். மேலே சேறு காய்ந்தது போலத் தெரியும். குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் கொஞ்சம் கீழே தண்ணீர் பளபளக்கும். வேர் அங்கே குடித்துக்கொண்டுதான் இருக்கும். அது தரைமட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே போன பிறகு மறுபடி பாய்ச்சினால் போதும். பூக்கிற சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று தமிழ்நாட்டில் இதைச் சொல்வார்கள். இதில் 30 விழுக்காடு வரை தண்ணீர் மிச்சம், வயலிலிருந்து கிளம்பும் மீத்தேனும் கணிசமாகக் குறையும்.

பின் ஏன் எல்லோரும் செய்யவில்லை? விவசாயி சோம்பேறி என்பதால் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நாளை அவர் முடிவுசெய்வதில்லை. பக்கத்து வயல் காய்ந்தால்தான் தன் வயலும் காயும். தண்ணீர் குறைந்தால் களை கூடும், களைக்கொல்லிக்குப் பணம் கூடும். எல்லாவற்றுக்கும் மேல், தண்ணீர்க் கட்டணம் நிலத்தின் அளவுக்குத்தான், எடுத்த தண்ணீரின் அளவுக்கு இல்லை. மிச்சம் பிடித்தவருக்கு ஒன்றும் கிடைக்காது, மிச்சமானதை நாம் குளித்துத் தீர்ப்போம். நகரத்துக்காரர்களுக்குத் தண்ணீர் வேண்டும் என்றால், அதை மிச்சம் பிடிக்கிற ரெலோங்குக்கு (இங்கே வயலை அளக்கும் அளவு) இவ்வளவு என்று விவசாயிக்குக் கொடுக்கட்டும். வயலை மூடச் சொல்வதைவிட அது மலிவு.

மலைத் தோட்டக்காரர்களால்தான் மண் சரிகிறதா?

சிலரால், சில இடங்களில். பாலேக் பூலாவ் மலைச்சரிவில் பழைய தோட்டம் ஒன்றில் நடந்து பாருங்கள். டுரியான், ஜாதிக்காய், கிராம்பு எல்லாம் கலந்து நிற்கும், காலடியில் சருகு மெத்தை மாதிரி இருக்கும், மழை விழுந்தால் சத்தம் மட்டும்தான் கேட்கும். அங்கே மண் ஓடாது. அதே சரிவை மழித்து, படி வெட்டி, ஒரே ரக டுரியான் கன்றை வரிசையாக நட்ட இடத்தில் முதல் பெருமழைக்கே ஓடை சிவந்துபோகும். சீனச் சந்தையில் நல்ல விலை கிடைக்கும் என்பதால் இரண்டாவது வகை பெருகுகிறது. மரம் நடுவதுதானே, காடு மாதிரிதானே என்று சொல்லி வருகிறார்கள். காடு மாதிரி இல்லை.

ஆனால் எல்லாப் பழியையும் விவசாயி தலையில் போடுவதை நான் ஏற்கமாட்டேன். 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் 11 தொழிலாளர்கள் மண்ணில் புதைந்ததும், அடுத்த ஆண்டு புக்கிட் குக்குஸில் 9 பேர் இறந்ததும் கட்டுமான இடங்களில். 1960-ஆம் ஆண்டு நிலப் பாதுகாப்புச் சட்டம் மலைநிலத்தில் அனுமதி இல்லாமல் குறுகிய காலப் பயிர் வைப்பதைத் தடுக்கிறது. மரக்கறி போட்டவரிடம் அது உடனே பாயும். அதே கண்டிப்பு கட்டட வேலைகளிலும் இருந்திருந்தால் என்று அந்தச் செய்திகளைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

2021 செப்டம்பரில் யுனெஸ்கோ கொடிமலையையும் (பினாங்கு ஹில்) சுற்றியுள்ள காட்டையும் கடலையும் சேர்த்து 12,481 ஹெக்டேரை உயிர்க்கோளக் காப்பகமாக அங்கீகரித்தது. இதில் எனக்குப் பிடித்த அம்சம், உள்ளே விவசாயியை விரட்டச் சொல்லவில்லை. நடுவில் தொடக் கூடாத பகுதி, சுற்றி அளவோடு பயன்படுத்தும் பகுதி, வெளியே மனிதர்கள் வாழ்ந்து பயிர் செய்யும் பகுதி என்று மூன்றாகப் பிரிக்கும் முறை அது.

எலி, குரங்கு, அணில் எல்லாம் விளைச்சலைத் தின்கின்றன. அவற்றையும் காப்பாற்றச் சொல்கிறீர்களா?

எலிக்கு நான் பரிந்து பேசமாட்டேன். எலியைத் தின்னும் கூகைக்குப் பேசுவேன். மலேசியாவில் செம்பனைத் தோட்டங்களிலும் வயல்களிலும் கம்பத்தில் பெட்டி வைத்து கூகை வளர்ப்பது பல ஆண்டுகளாக நடக்கிறது. குஞ்சுகளோடு இருக்கிற ஒரு ஜோடி வருடத்தில் ஆயிரம் எலி வரை தின்னும். நம் ஆட்களுக்கு ஆந்தை கூவினால் சாவு வரும் என்ற பயம். எங்கள் பழைய லயத்தில் கல்லால் அடிப்பார்கள். அதை விடுங்கள். விஷம் வைத்துக்கொண்டே பெட்டியும் வைக்காதீர்கள். விஷம் தின்ற எலியைத் தின்று கூகையும் சாகும்.

குரங்கு கடினமான கேள்வி. வலை, நாய், பழம் முற்றும் முன் காவல், இதற்கு மேல் என்னிடம் நல்ல பதில் இல்லை. நஷ்டப்படுகிற தோட்டக்காரருக்கு இழப்பீடு இல்லாமல் பொறுமையை மட்டும் கேட்பது சரியில்லை.

செம்பனை மோசமான பயிரா?

பயிரில் குற்றம் இல்லை. ஒரு ஹெக்டேரில் அதற்கு இணையாக எண்ணெய் தரும் பயிர் வேறு இல்லை. வேறு பயிருக்கு மாறினால் அதே எண்ணெய்க்கு இன்னும் அதிக நிலம் வேண்டும். காட்டை அழித்து நடுவதும், வேலை செய்பவரை நடத்தும் விதமும்தான் பிரச்சினை.

அம்மா காலையில் நீலத் தார்ப்பாய்த் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, 16 லிட்டர் பம்பை முதுகில் ஏற்றிக்கொண்டு போவார். மூக்குக்கு ஒரு பழைய துணி. சாயங்காலம் வந்தால் நகங்கள் வெளிறி, ஓரம் பிளந்து இருக்கும். மூக்கில் ரத்தம் வந்தால் சூடு என்பார்கள். அது பாராகுவாட் என்ற களைக்கொல்லி. முறிவு மருந்து இல்லாத விஷம். பெண் தொழிலாளர் உரிமைக்காகப் பாடுபடும் தெனாகானித்தா அமைப்பும், பினாங்கில் தலைமையகம் வைத்திருக்கும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும் 2002-இல் தோட்டத்துப் பெண்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இதையெல்லாம் வெளியே கொண்டுவந்தது. அந்த ஆண்டே தடை அறிவிப்பும் வந்தது. 2006-இல் தளர்த்தினார்கள். 2020 ஜனவரி 1-இல்தான் முழுத் தடை. நடுவில் போன ஆண்டுகளில் மருந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் நம் வீட்டுப் பெண்கள். நிறுவனத்துக்குச் செலவு குறைய வேண்டும், உலகத்துக்கு மலிவு எண்ணெய் வேண்டும். அந்த மேசையில் அம்மாவுக்கு நாற்காலி இல்லை. வளங்களைப் பகிர்வது பற்றி யார் எந்தத் திட்டம் சொன்னாலும் நான் முதலில் பார்ப்பது, நஷ்டப்படப்போகிறவர் அந்த மேசையில் இருக்கிறாரா என்பதைத்தான்.

தோட்டத்தில் மாடு வளர்ப்பது தப்பா? அபராதம் போடுகிறார்களே?

சாலையில் விட்டால் தப்புதான், விபத்தில் மனிதர் சாகிறார்கள். ஆனால் முற்றிய செம்பனை மரங்களுக்கு நடுவே மின்வேலி போட்டு, நாளுக்கு ஒரு பாத்தியாக மாற்றி மாற்றி மேய்த்தால் களைக்கொல்லிச் செலவு குறையும், சாணம் மண்ணுக்குப் போகும். மாடு வைத்திருக்கும் தமிழர் பலருக்குச் சொந்த நிலம் இல்லை. தோட்டம் விற்றுத் தொழிற்பேட்டையானதும் மேய்ச்சலும் போய்விட்டது. பத்து காவானில் 2014-இல் இரண்டாவது பாலம் திறந்த பிறகு அந்த வட்டாரம் எப்படி மாறியது என்று எல்லோருக்கும் தெரியும். நிர்வாகமும் மாட்டுக்காரரும் எழுத்தில் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் இரு பக்கமும் லாபம்.

பினாங்குத் தீவின் தென்பகுதியில் கடலைத் தூர்த்துப் புதுத் தீவு கட்டுவதை ஏன் மீனவர்கள் எதிர்த்தார்கள்? வேலை வருமே?

வேலை வரும், யாருக்கு என்பதுதான் கேள்வி. முதலில் 3 தீவுகள், சுமார் 1,800 ஹெக்டேர். அதில் வரும் பணத்தில் போக்குவரத்துத் திட்டங்கள் என்றார்கள். பெர்மாத்தாங் டாமார் லாவுட், தெலுக் கும்பார் பக்கத்துச் சிறுபடகு மீனவர்கள் இறாலும் நண்டும் பிடிக்கும் சேற்றுக் கடல் அது. 2021 செப்டம்பரில் மேல்முறையீட்டு வாரியம் அந்தத் திட்டத்தின் சுற்றுச்சூழல் அனுமதியை ரத்து செய்தது. புது அறிக்கைக்கு அனுமதி கிடைத்த பிறகு, 2023 மே மாதம் ஒரே தீவாக, சுமார் 920 ஹெக்டேராகக் குறைத்தார்கள். அந்த ஆண்டே வேலை தொடங்கியது.

மூன்று ஒன்றானதே, சமரசம்தானே என்பார்கள். பாதியாவது நின்றது மீனவர்களின் பிடிவாதத்தால். ஆனால் சமரசம் என்றால் இரு தரப்பும் எதையாவது விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். ஒரு தரப்பு கேட்டதில் குறைத்துக்கொண்டது, இன்னொரு தரப்பு இருந்ததையே இழந்தது. இழப்பீட்டுப் பணமும் புது எஞ்சினும் ஒருமுறை வரும். கரையோரச் சேறு தினமும் சோறு போட்டது.

நிபோங் தெபால் பக்கம் கரையோர மீனவர் நலச் சங்கத்தார் 1990-களிலிருந்து அலையாத்திக் கன்று நட்டு வருகிறார்கள். வேருக்குள்தான் இறால் குஞ்சு வளர்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் பினாங்கில் 52 பேரை இழந்த பிறகுதான் மற்றவர்கள் அந்த மரங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இயற்கை வேளாண் காய்கறி ஏன் இவ்வளவு விலை?

கையால் களை பறிக்கும் கூலி, சான்றிதழ் செலவு, குறைந்த விளைச்சல். மற்றக் காய்கறியின் விலையில் ஆற்றில் கலக்கும் உரமும் விஷமும் சேரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். வாங்க முடியவில்லை என்றால் வருத்தப்படாதீர்கள். கீரை, மிளகாய், வெண்டையை நீங்களே போடுங்கள். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் எஸ். எம். முகமது இட்ரிஸ் தலைமையில் இருந்த காலத்திலேயே பஞ்சகவ்யம், மீன் அமிலம் எல்லாம் இங்கே பரப்பியது. மீன் கழிவும் வெல்லமும் சம எடை, மூடிய வாளி, மூன்று வாரம். வாடை போய்ப் பழ வாசனை வந்தால் தயார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி போதும்.

எங்கள் பேச்சை யார் கேட்பார்கள்?

பெரிய திட்டங்களின் சுற்றுச்சூழல் அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். உள்ளூர்த் திட்ட வரைவையும் வைப்பார்கள். இரண்டுக்கும் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். மலாயில் ஒரு பக்கம் போதும். “எனக்குப் பிடிக்கவில்லை” என்று எழுதாதீர்கள். “எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஓடை எந்தத் தேதியில் எந்த நிறத்தில் ஓடியது, இதோ படம்” என்று எழுதுங்கள். கோயில் கமிட்டி, பள்ளிப் பெற்றோர் சங்கம் பெயரில் போனால் இன்னும் நல்லது. கடைசி நாளுக்குப் பிறகு வாட்ஸ்அப்பில் கோபப்படுவதால் பயன் இல்லை, நானே இரண்டு முறை அப்படித் தவறவிட்டிருக்கிறேன்.

மூடா ஆற்றைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். எங்கே போகலாம்?

பட்டர்வொர்த்திலிருந்து கெப்பாலா பத்தாஸ் வழியாகப் பினாங் துங்கால் போங்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் கெடா, இந்தப் பக்கம் பினாங்கு. மழை பெய்து இரண்டு நாள் கழித்துப் போனால் நல்லது. ஒரு கண்ணாடிப் புட்டியில் கரையோரத் தண்ணீரை மொண்டு, காரில் அசையாமல் வைத்து, வீட்டுக்கு வந்து பாருங்கள். அடியில் எத்தனை விரற்கடை மண் படிந்திருக்கிறது என்று பிள்ளைகளையே அளக்கச் சொல்லி, தேதி எழுதி வையுங்கள். அடுத்த மழைக்கு இன்னொரு புட்டி.